மாப்பிள்ளை டயர்

ஒரு கைப்பம்பும் ஒரு தகரத் தொட்டித் தண்ணீரும் வைத்துக்கொண்டு வண்ணார்பேட்டையில் புளியமரத்தடியில் உட்கார்ந்தவன் நான். அதே இடத்தில் இப்போது என் டயர்க்கடை நிற்கிறது. கடைக்குப் பின்னால் பழைய டயருக்குப் புது ரப்பர் ஒட்டும் பட்டறை. பட்டறைக்குப் பின்னால் கிணறு. தோண்டும்போது பாறை என்றார்கள். பாறைதான். அதற்காக அதன் கீழே தண்ணீர் இல்லாமல் போய்விடுமா? இந்த ரோட்டில் காற்றடிக்கும் மோட்டாரை முதலில் ஓட்டியவனும் நான்தான். அது ஓடிய அன்று பக்கத்து சோடாக்கடைக்காரர் வந்து, "அண்ணாச்சி, இது வெடிக்குமா?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் தன் பாட்டில்களை எல்லாம் உள்ளே எடுத்து வைத்துவிட்டார். லாரி டிரைவர்கள் குளிக்க ஒரு தொட்டி கட்டினேன். மூன்று பெண் மக்களைப் பாளையங்கோட்டையில் படிக்க வைத்தேன். மூவரும் இப்போது நான் எழுதுவதில் எழுத்துப் பிழை பார்க்கிறார்கள். பார்க்கட்டும். எழுத்தைத் திருத்தலாம். நடந்ததைத் திருத்தக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

நான் பள்ளிக்கூடத்தில் இருந்தது கொஞ்ச காலம். வாத்தியாருக்கும் எனக்கும் ஒரே சமயத்தில் சலித்துப்போய்விட்டது. அதை நான் குறையாக நினைத்ததில்லை. டயரின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் எண்ணை வாசிக்கத் தெரியும், அதன் அர்த்தம் தெரியும். படித்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு அங்கே எண் எழுதியிருப்பதே தெரியாது.

கிணற்றைப் பற்றி யாரும் என்னிடம் சண்டைக்கு வருவதில்லை. கடையையும் இது இன்னொருவன் கட்டியது என்று யாரும் சொல்வதில்லை. ஒரே ஒரு டயர் விஷயத்தில் மட்டும் ஊர் வேறு கதை பேசுகிறது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு காலையில், மீன் பெட்டி ஏற்றும் சின்ன லாரி ஒன்று கடை முன்னால் வந்து நின்றது. மேலே கயிறு போட்டுக் கட்டிய ஒரு மோட்டார் சைக்கிள். மோட்டார் சைக்கிள் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். ஓர் எருமையின் முகத்தில் கண்ணாடி மாட்டி, இரண்டு விலாவிலும் பெட்டி கட்டி, கழுத்தில் ரேடியோ பதித்து வைத்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. நெடுந்தூரம் போவதற்கென்றே ஜப்பான்காரன் செய்த வண்டியாம். செயின் கிடையாது, பின் சக்கரத்துக்கு இரும்புத் தண்டு வழியாகத்தான் சக்தி போகிறது. கொண்டுவந்தவர் காயல்பட்டினத்துக்காரர். வளைகுடாவில் வேலை பார்த்துவிட்டு, கப்பலில் அதையும் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார்.

"பாலைவனத்துல நூல் புடிச்ச மாதிரி ஓடுன வண்டி அண்ணாச்சி," என்றார் அவர். "நம்ம ரோட்டுல ஓடிப் பின் டயரு தேஞ்சு நூலு வெளிய வந்துட்டுது. மெட்ராசுல கேட்டாச்சு, பம்பாயில கேட்டாச்சு. இந்த டயரு இந்தியாவுலயே இல்லைங்காவ. அங்கேருந்து ஒருத்தர் அனுப்பிச்சாரு. அது துறைமுகத்துல கெடக்குது."

அவர் பேசி முடிப்பதற்குள் லாரியின் முன்பக்கத்திலிருந்து இன்னொருவர் இறங்கினார். தலைமுடி அப்படியே கறுப்புக் கண்ணாடி மாதிரி பளபளவென்று இருந்தது. வாசனை அவருக்கு முன்னால் இறங்கி வந்தது. அவர் வண்டிக்காரரின் மனைவிக்கு அண்ணன். இருவரும் ஒருவரையொருவர் மச்சான் என்றார்கள், நான் மச்சான் என்று எழுதுவது இவரைத்தான்.

காயல்பட்டினத்து வழக்கம் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அங்கே கல்யாணம் ஆனால் பெண் புகுந்த வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய்த் தங்குவார். ஆகவே இந்த வண்டிக்காரர் இருந்தது மாமியார் வீடு. வண்டி நின்றதும் மாமியார் வீட்டு நடையில். மச்சான் பிறந்து வளர்ந்த நடை அது. போகும்போதும் வரும்போதும் அவர் முழங்காலில் வண்டிப் பெட்டி இடித்திருக்கிறது.

"எங்க வூட்டுக்கு வந்த மாப்பிள்ளை ரெண்டு, அண்ணாச்சி," என்றார் மச்சான். "ஒண்ணு சோறு தின்னுட்டுப் படுத்துருக்குது. இன்னொண்ணு தூசி தின்னுட்டுப் படுத்துருக்குது. ரெண்டையும் நகத்த முடியலை."

"மச்சான் தமாஷ் பண்ணுதாக," என்றார் வண்டிக்காரர். சிரித்தார். சிரிப்பு கண்ணுக்கு ஏறவில்லை.

"தமாஷ் ஒண்ணும் இல்லை. சின்னத் தங்கச்சிக்குக் கல்யாணம் வருது. நடையில பந்தி போடணும். தூத்துக்குடிப் பழைய இரும்புக்காரரு வந்து சுத்திப் பாத்துட்டுப் போயிட்டாரு. எங்க உம்மா ஒரே சொல்லாச் சொல்லிட்டாக. போன தடவை பாபநாசத்துக்குப் போறேன்னு கெளம்பி லாரியில வந்து எறங்குனாரு மச்சான். இப்ப வண்டி அதே பாபநாசத்துக்குப் போயி, தன் காலாலயே திரும்பி வரணும். வந்தா வண்டிக்கு வூட்டுப் பின்னால ஷெட்டு போட்டுத் தாறோம். லாரியில ஏறி வந்தா, எறக்கவே வேண்டாம். அப்படியே தூத்துக்குடி."

வண்டிக்காரர் பெட்டியின் மேலிருந்த தூசியை உள்ளங்கையால் துடைத்தார். எனக்குப் புரிந்தது. அந்த வீட்டில் அவர் படுக்கும் கட்டில் பெண் வீட்டார் போட்டது. சாப்பிடும் தட்டு மாமியாருடையது. இது என்னுடையது என்று விரல் நீட்டிச் சொல்ல அவருக்கு அந்த எருமை ஒன்றுதான் இருந்தது. நானும் பொருள் சேர்த்தவன். தன் பொருளை இன்னொருவன் பழைய இரும்பு என்று சொன்னால் எப்படி இருக்கும் என்பது எனக்குத் தெரியும்.

"எறக்குங்கவே," என்றேன்.

சக்கரத்தைக் கழற்றி, டயரைப் பிரித்து, இரும்புச் சக்கரத்தின் விட்டத்தை அளந்தேன். பதினைந்து அங்குலம். நிமிர்ந்தேன். எதிரே புளியமரத்தடியில் அம்பாசிடர் டாக்சி நின்றுகொண்டிருந்தது. அதன் டயரும் பதினைந்து அங்குலம். இதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றும் இல்லை. நான் பார்த்தேன், கண்டுபிடித்தேன். அந்த நேரத்தில் மச்சான் சோடா குடித்துக்கொண்டிருந்தார். அவர் முதுகு டாக்சிப் பக்கம் இருந்தது. இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

"அம்பாசிடர் டயரைப் போட்டுருவோம்," என்றேன்.

கடையில் அப்போது பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றில் பௌதிகம் நடத்தும் பேராசிரியர் இருந்தார். ஸ்கூட்டருக்கு ஒட்டுப் போட வந்தவர். ஒட்டுப் போட்டு முடித்தாயிற்று, போகவில்லை. லீவு நாள். வீட்டில் ஏதாவது வேலை சொல்வார்கள் போல.

"அண்ணாச்சி, அது அடிப்படையிலேயே தப்பு," என்றார். "கார் டயருக்கு முகம் தட்டை. மோட்டார் சைக்கிள் டயருக்கு முகம் உருண்டை. இந்த வண்டி சாஞ்சுதான் திரும்பும். தட்டை முகத்தை வச்சுக்கிட்டு எப்படிச் சாயும்?"

"சாயலேன்னா நிமுந்து போவட்டும் சார்."

"நிமுந்தே போனா வளைவுல நேரா வயலுக்குள்ளல்லா போவும்?"

சொல்லிவிட்டு ஒரு சாக்குக்கட்டியை எடுத்து என் புதுச் சுண்ணாம்புச் சுவரில் வட்டம் போட்டார், கோடு போட்டார், கோட்டுக்கு அம்பு போட்டார். அம்பு ஒட்டுப் போடும் அடுப்புப் பக்கம் போனது. அவர் சொன்னதில் தப்பில்லை. எனக்கு எரிச்சல் வந்ததே அதனால்தான். தப்பான ஆளைத் திட்டிவிட்டு வேலையைப் பார்க்கலாம். சரியான ஆளை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

"சார், இது புது வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை," என்றேன். "முதல்ல விறைச்சுக்கிட்டுதான் இருப்பான். பைய வளைவான்."

மச்சானுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. சோடா மூக்கில் ஏறச் சிரித்தார். "மாப்பிள்ளை டயரு," என்றார். "மூணாவது மாப்பிள்ளை." இன்று இந்த ஜில்லாவில் ஒரு வண்டிச் சாமானை இன்னொரு வண்டியில் போட்டால் மெக்கானிக்குகள் 'மாப்பிள்ளை' என்கிறார்களே, அந்தச் சொல் பிறந்தது அங்கனதான். என் வாயில் பிறந்தது. மச்சான் வாயில் பிறந்ததாகச் சிலர் சொல்கிறார்கள். அவர் வாயில் அப்போது சோடா இருந்தது.

டாக்சிக்காரரிடம் போனேன். அவருடைய ஸ்டெப்னி புதுசு, டிக்கியை விட்டு வெளியே வராதது.

"ஸ்டெப்னியைத் தாரும்வே."

"அண்ணாச்சி, அது என் உயிரு."

"உயிரை எவம்லே டிக்கியில வச்சிருப்பான்? எடும்."

எடுத்தார். கூடவே ஒரு நிபந்தனை சொன்னார்: டயர் எங்கே போகிறதோ அங்கே டாக்சியும் பின்னால் வரும், கண்ணில் படாமல் டயரை விடமாட்டார். அதற்கும் ஒப்புக்கொண்டேன். சவாரி கிடைக்காத நாளில் மனுஷனுக்குப் பாசம் எங்கிருந்துதான் வருமோ.

இப்போது வேலைக்கு வருவோம். கார் டயரின் விளிம்புக்குள் இரும்புக் கம்பி வளையம் இருக்கும். சக்கரத்தின் ஓரத்தில் அந்த விளிம்பு போய் உட்கார வேண்டும். கார் சக்கரத்தில் ஒரு மூச்சுக் காற்றில் உட்கார்ந்துவிடும். இந்த ஜப்பான் சக்கரத்தில் அளவு ஒன்றுதான், ஆனால் ஓரத்தின் வாகு வேறு. சோப்புத் தண்ணீர் தடவிக் காற்றடித்தேன். ஒரு பக்கம் உட்கார்ந்தது. மறுபக்கம் மேலே ஏறிக்கொண்டு மாட்டேன் என்றது. நான் காற்றை இறக்கிவிட்டு யோசித்துக்கொண்டிருந்தபோது பஸ் கம்பெனி ஆள் வந்து கூப்பிட்டார். வாசலுக்குப் போனேன். பேசிவிட்டுத் திரும்புவதற்குள் உள்ளே 'டப்' என்று சத்தம். ஓடினேன். டயர் அழகாக உட்கார்ந்திருந்தது. கடை முழுக்க மல்லிகைப்பூ வாசனை.

மச்சான் நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு பாட்டில்.

"என்னவே அது?"

"தலை எண்ணெய். மச்சான் கப்பல்ல கொண்டாந்தது. வழுக்கும்னு ஊத்திக் காத்தை அடிச்சேன். எப்படி ஏறிட்டுது பாத்தீரா அண்ணாச்சி."

உலகத்தில் எத்தனையோ ஊர் இருக்கிறது. தலைக்குத் தேய்க்கிற வாசனை எண்ணெயைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு டயர்க்கடைக்கு வருகிற ஆளைக் காயல்பட்டினத்தில்தான் பார்க்கலாம். எனக்கு அப்போதே சரியில்லை என்று பட்டது. சோப்புத் தண்ணீர் போட்டால் காய்ந்து ரப்பர் இரும்பைப் பிடித்துக்கொள்ளும். எண்ணெய் காயாது. ஆனால் வண்டிக்காரர் அதற்குள் தலைக்கவசம் போட்டுவிட்டார். கல்யாண மாப்பிள்ளையைக் குதிரையிலிருந்து இறக்கினாலும் இறக்கலாம், அந்த முகத்தோடு இருந்தவரை இறக்க எனக்கு மனசு வரவில்லை. சும்மா ஆற்றுப்பாலம் வரைக்கும் போய்ப் பார்ப்போம் என்றேன்.

பாலத்தின் நடுவில் ஒரு டவுன் பஸ் குறுக்கே நின்றது. அவர் பிரேக் பிடித்தார். சக்கரம் நின்றது. டயர் நிற்கவில்லை. எண்ணெயில் வழுக்கிக்கொண்டு சக்கரத்தின் மேலேயே சுற்றியது. உள்ளே இருந்த டியூபையும் இழுத்துக்கொண்டு சுற்றியதில், காற்றடிக்கும் வால்வு கழுத்தோடு பிய்ந்துபோயிற்று. தாமிரபரணிக் காற்றில் அன்றைக்கு மல்லிகை மணம். படித்துறையில் துணி துவைத்த பெண்கள் எல்லாம் நிமிர்ந்து பார்த்தார்கள்.

தள்ளிக்கொண்டு வந்தோம். நாலு பேர் தள்ளினோம். மச்சான் ஐந்தாவதாகக் கைவைத்துக்கொண்டு நடந்தார்.

"லாரியைக் கூப்பிடவா?" என்றார் பைய.

"தள்ளிட்டு வந்தது லாரிக் கணக்குல சேராது வே," என்றேன். "உங்க உம்மா சொன்னது லாரி. கையின்னு சொல்லலை."

மறுபடி எல்லாவற்றையும் பிரித்தேன். பிய்ந்த டியூபைப் போட்டுவிட்டுக் கடையிலிருந்து வேறு டியூப் எடுத்தேன். சோப்புப் போட்டு, சாம்பல் போட்டு, அந்த எண்ணெய் போகும்வரை தேய்த்தேன். இரண்டு கிணற்று வாளியும் வாசனை பிடித்துக்கொண்டன. அன்று ராத்திரி வீட்டில் என் கையை மோந்துபார்த்துவிட்டு என் மனைவி கேட்ட கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சோப்புத் தண்ணீர் மட்டும் இந்த விளிம்புக்குப் போதாது என்று முதல் தடவையே தெரிந்துவிட்டது. எண்ணெய் ஆகாது. வழுக்கவும் வேண்டும், பிறகு காயவும் வேண்டும். ஆற்றுக்குப் போகிற வழியில் வேலியோரம் சோற்றுக்கற்றாழை கிடந்தது. நாலு மடலை வெட்டி வந்து சீவி, அந்தக் கொழகொழப்பை விளிம்பு முழுக்கத் தடவினேன். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. ஜப்பான்காரனுக்கும் தெரியாது. அவன் ஊரில் கற்றாழை உண்டோ என்னவோ.

பிறகு காற்று. ஒரே மூச்சில் அடிக்கக் கூடாது. கொஞ்சம் அடித்து, முழுக்க இறக்கி, மறுபடி அடிக்க வேண்டும். அப்போதுதான் டியூப் உள்ளே மடிப்பு விழாமல் பரவும். ஒவ்வொரு தடவையும் விளிம்பு கொஞ்சம் இறங்கியது. சோடாக்கடைக்காரர் பாட்டில்களை உள்ளே எடுத்துவைக்கும் சத்தம் கேட்டது. ஒரு பக்கம் 'டப்'. எல்லாரும் மூச்சைப் பிடித்தோம். மறுபக்கம் 'டப்'. இரண்டு சத்தம் கேட்டால்தான் டயர் உட்கார்ந்தது என்று அர்த்தம். மச்சானின் எண்ணெயில் கேட்டது ஒரு சத்தம்தான் என்பதை அப்போது யாரும் யோசிக்கவில்லை. நான் யோசித்தேன்.

சக்கரத்தைப் பூட்டிக் கையால் சுற்றிப் பார்த்தேன். டயருக்கும் சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரும்புக் கைக்கும் நடுவே தீப்பெட்டி படுத்தவாக்கில் போய்வர வேண்டும். அது என் அளவு. ஒரு பக்கம் போயிற்று. மறுபக்கம் மட்கார்டு திருகு ஒன்று தடுத்தது. அதன் தலையை அறுத்துத் தள்ளினேன். வண்டிக்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஒண்ணும் வலிக்காது தம்பி. மாப்பிள்ளைக்கு எடம் விடணும்லா."

ஒரு ராத்திரி காய விட்டேன். டயரிலும் சக்கரத்திலும் சேர்த்து ஒரு கோடு, சாக்குக்கட்டியால். டயர் நழுவினால் கோடு பிரிந்து காட்டிக்கொடுக்கும். பேராசிரியர் சாக்குக்கட்டியால் செய்த காரியத்தையும் நான் செய்த காரியத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் பாபநாசம். வண்டிக்காரருக்குப் பின்னால் நான் உட்கார்ந்தேன், மடியில் காற்று அளக்கும் குழாய். பின்னால் டாக்சியில் மச்சானும் பேராசிரியரும். பேராசிரியர் ஏன் வந்தார் என்று கேட்காதீர்கள். மறுநாளும் லீவு. சேரன்மகாதேவி வரைக்கும் ரோடு நேர். வண்டி கட்டிலில் படுத்த மாதிரி போயிற்று. அந்தத் தட்டை முகம் ரோட்டை அமுக்கிப் பிடித்துக்கொண்டது. வண்டிக்காரர் ரேடியோவைத் திருப்பினார். நான் வயல் பார்த்தேன். கல்லிடைக்குறிச்சி போயிற்று, அம்பை போயிற்று. விக்கிரமசிங்கபுரத்தில் மில் ஷிப்ட் விட்ட நேரம். ரோடு நிறைய சைக்கிள். எங்களைச் சுற்றிக்கொண்டு வந்தார்கள்.

"ஏலே, இது பைக்கா காராலே?"

"முன்னால பைக்கு, பின்னால காரு."

"அப்ப டிரைவரு எவம்லே, முன்னால உள்ளவனா, பின்னால உள்ளவனா?"

பின்னால் உள்ளவன்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். வண்டி நகர்ந்துவிட்டது.

பாபநாசம் கோயில் தாண்டி மலை ரோடு ஏறியதும் முதல் வளைவு. வண்டிக்காரர் எப்போதும்போல உடம்பைச் சாய்த்தார். அவர் சாய்ந்தார், நான் சாய்ந்தேன், வண்டி சாயவில்லை. டயர் தன் தட்டை முகத்தைத் தரையில் பதித்துக்கொண்டு நேராகப் பாறையைப் பார்த்துப் போயிற்று. அவர் பிரேக் பிடித்து நிறுத்தியபோது பாறை கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. அதில் யாரோ காதலர்கள் பேர் எழுதியிருந்தார்கள். வாசிக்க முடிந்தது.

"சாய மாட்டேங்குது அண்ணாச்சி," என்றார். மச்சான் டாக்சியை விட்டு இறங்கினார். "கீழ விக்கிரமசிங்கபுரத்துல லாரி கெடைக்கும்," என்றார். அவர் கெட்டவர் இல்லை. வண்டிப் பெட்டியில் இடிபட்ட அவர் முழங்கால் அப்படிப் பேசியது.

நான் டயர் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தேன். காற்று கூடுதல். கல்லு மாதிரி இருந்தால் அது எப்படி வளையும்? கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினேன். கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து, பக்கவாட்டு ரப்பர் இசைந்து கொடுக்கிற இடத்தில் நிறுத்தினேன். பேராசிரியர் வண்டிக்காரரிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்: "உடம்பைச் சாய்க்காதீங்க. எந்தப் பக்கம் திரும்பணுமோ அந்தப் பக்கத்துக் கைப்பிடியை முன்னால தள்ளுங்க. தள்ளுன கையை எடுக்காதீங்க." அதுவும் உதவியது என்று இங்கே எழுதிவிடுகிறேன். பிறர் பங்கை மறைக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. சிலருக்கு உண்டு.

அப்போதுதான் அந்தப் படம் எடுக்கப்பட்டது. வண்டிக்காரரின் கேமரா மச்சான் தோளில் தொங்கியது. "ஒருவேளை இதுதான் கடைசியா இருந்தா," என்று சொல்லிக்கொண்டு பேராசிரியரிடம் கொடுத்தார். வண்டிக்காரர் இருக்கையில் உட்கார்ந்தார். மச்சான் முன்னால் கைகட்டி நின்றார். டாக்சிக்காரர் ஸ்டெப்னியை ஒருதரம் தொட்டுக்கொண்டு நின்றார். நான் பின் சக்கரத்துக்குப் பின்னால் வேலையில் இருந்தேன். எழுந்திருங்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை.

பிறகு வண்டி ஏறியது. முதல் வளைவில் முணுமுணுத்தது. அடுத்ததில் இசைந்தது. அதற்கப்புறம் அவர் தள்ளிய பக்கமெல்லாம் திரும்பியது. அணை வரை போய்த் திரும்பினோம். சாக்குக்கட்டிக் கோட்டைப் பார்த்தேன். பிரியவில்லை.

இனிதான் விஷயம். திரும்பும்போது கல்லிடைக்குறிச்சி தாண்டி டாக்சி பஞ்சர். மச்சானும் பேராசிரியரும் இறங்கி ரோட்டோரம் நின்றார்கள். டாக்சிக்காரர் பழக்கத்தில் போய் டிக்கியைத் திறந்தார். உள்ளே பார்த்தார். மூடினார். அவருடைய ஸ்டெப்னி எனக்குக் கீழே ஓடிக்கொண்டிருந்தது.

ஒட்டுப் போடலாம் என்றால் டியூப் கிழிந்து தொங்கியது. மச்சானுக்கு மாலைக்குள் ஊர் போய்ச் சேர வேண்டும், கல்யாணப் பேச்சுக்கு ஆட்கள் வருகிறார்கள். நான் இறங்கினேன். வண்டிக்காரர் எஞ்சினை அணைக்காமல் நின்றார். பின் இருக்கையைக் கைக்குட்டையால் துடைத்தார். அவ்வளவுதான். அவர் வாழ்க்கையில் பேசியதிலேயே நல்ல பேச்சு அது.

மச்சான் ஏறினார். "பைய போங்க மச்சான்," என்றார். மாப்பிள்ளையின் இடுப்பைக் கட்டிக்கொண்டார்.

பிறகு நானும் பேராசிரியரும் டாக்சிக்காரரும் வாழைத்தார் லாரி ஒன்றைப் பிடித்து, டாக்சியைக் கட்டி இழுத்துக்கொண்டு வண்ணார்பேட்டை வந்து சேர்ந்தோம். லாரியோடு வந்தது கார்தான். பைக் தன் காலாலேயே காயல்பட்டினம் போயிற்று. மாமியார் வாசலில் நின்று பார்த்திருக்கிறார். மாப்பிள்ளை ஓட்ட, பின்னால் மகன் உட்கார்ந்து வந்து இறங்குகிறான். "எப்படி வாப்பா சரியாச்சு?" என்று யாரோ கேட்டிருக்கிறார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய ஆள் அந்நேரம் வாழைத்தாருக்கு நடுவில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் இருந்த மச்சான் சொல்லிவிட்டார்.

ஷெட் போட்டார்கள். தங்கச்சி கல்யாணத்தில் புது மாப்பிள்ளையை அந்த வண்டியில்தான் பெண் வீட்டுக்குக் கூட்டி வந்தார்களாம். துறைமுகத்தில் கிடந்த அசல் டயர் ஒருவழியாக வந்து சேர்ந்தது. வண்டிக்காரர் அதைப் போடவே இல்லை. வேப்பமரத்தில் கட்டிப் பிள்ளைகள் ஊஞ்சலாடுகிறார்கள். டாக்சிக்காரருக்கு நான் என் கடையிலிருந்து வேறு புது டயர் கொடுத்தேன். இதையும் யாரும் சொல்வதில்லை.

சில வருஷம் கழித்து அந்த வீட்டில் ஒரு விருந்துக்குக் கூப்பிட்டார்கள். போனேன். கூடத்தில் அந்தப் படம் பெரிதாக்கிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. வண்டிக்காரர் இருக்கிறார். மச்சான் வண்டியைப் பெற்றெடுத்தவர் மாதிரி கைகட்டி நிற்கிறார். டாக்சிக்காரர் இருக்கிறார். பின் சக்கரத்துக்கு அந்தப் பக்கம், கீழே, ஒரு கை. வால்வில் குழாயை அமுக்கிப் பிடித்த கை. மணிக்கட்டோடு முடிந்துவிடுகிறது.

வயதில் மூத்த விருந்தாளி ஒருவர், அவர்கள் பேச்சில் காக்கா, டயரைப் பற்றிக் கேட்டார். மச்சான் பதில் சொன்னார், நான் பின்னால் நிற்பது தெரியாமல்:

"யாராலயும் ஏத்த முடியலை காக்கா. நான்தான் தலை எண்ணெயை எடுத்து ஊத்துனேன். டப்புன்னு உக்காந்துட்டுது."

வீட்டுப் பிள்ளை ஒன்று, "அதுக்குப் பேரு மாப்பிள்ளை டயரு, எங்க மாமா வச்ச பேரு," என்று சேர்த்துக்கொண்டது. பேராசிரியரும் கல்லூரியில் தன் பங்குக்குக் கைப்பிடிக் கதையை நடத்திக்கொண்டிருக்கிறார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

நான் வண்டிக்காரரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு மச்சானைப் பார்த்தார். பிறகு தட்டில் இருந்த கறியைப் பார்த்தார். "இன்னும் கொஞ்சம் வைக்கச் சொல்லட்டுமா அண்ணாச்சி?" என்றார். மாமியார் வீட்டுக் கூடத்தில் நின்றுகொண்டு மச்சானை மறுத்துப் பேச அவருக்கு வாய் இல்லை. அந்த டயர் கூட வளைய இத்தனை வருஷம் எடுத்துக்கொள்ளவில்லை. நான் சாப்பிட்டேன். சாப்பாடு நன்றாக இருந்தது. அது வேறு விஷயம்.

ஆகவே அந்த வீட்டாருக்கு இதன் மூலம் சொல்கிறேன். படத்தை இறக்குங்கள். சட்டத்தைப் பிரியுங்கள். அடியில் ஒரு வரி எழுதுங்கள்: டயரைக் கண்டதும், போட்டதும், வளைய வைத்ததும் இந்தக் கை. கீழே என் பெயர், இனிஷியலோடு. வண்ணார்பேட்டையில் கேட்டால் இனிஷியல் சொல்வார்கள். எழுத்துப் பிழை வந்தால் என் மகள்களிடம் கொடுங்கள், பார்த்துத் தருவார்கள். எண்ணெய் என்ற சொல் அந்த வரியில் எங்கேயும் வரக் கூடாது.